குத்தகை ஏடுகளில் எஞ்சிய வம்சாவளி

டப்ளினிலிருந்து மேற்கே போகும் ரயில் ஆத்லோன் நகரில் ஷானன் ஆற்றைக் கடக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ராஸ்காமன் கவுண்டி. அயர்லாந்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஊர்களில் இறங்குவதில்லை. அவர்கள் தேடும் கடற்கரையும் செங்குத்துப் பாறைகளும் இன்னும் மேற்கே இருக்கின்றன. ராஸ்காமனுக்குக் கடல் கிடையாது. சுண்ணாம்புப் பாறைமேல் வளர்ந்த நல்ல புல், மேயும் மாடுகள், ஆடுகள், நடுநடுவே கறுத்த சதுப்பு நிலம், சிறு ஏரிகள், சாந்து பூசாமல் அடுக்கிய கல் வேலிகள். இங்கே இறங்குகிற வெளிநாட்டவர்களில் பலர் ஒரு பெயரைத் தேடி வந்தவர்கள். நியூயார்க்கிலோ கியூபெக்கிலோ மெல்பர்னிலோ இருக்கும் ஒரு கல்லறையில் முப்பாட்டனின் பெயருக்குக் கீழே ‘ராஸ்காமன்’ என்று பொறித்திருக்கும். அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

1841 கணக்கெடுப்பில் இந்தக் கவுண்டியில் 2,53,591 பேர் இருந்தார்கள். உருளைக்கிழங்குப் பயிர் கருகிய பஞ்சத்துக்குப் பின், 1851-ல், எஞ்சியவர்கள் 1,73,436 பேர். பத்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான மக்கள் இல்லாமல் போனார்கள். அயர்லாந்தின் எந்தக் கவுண்டியும் அந்தப் பத்தாண்டில் இதைவிட அதிக விகிதத்தில் மக்களை இழக்கவில்லை. இன்றைய தொகை 70,000 அளவில்தான் இருக்கிறது. போனவர்கள் யார் யார் என்று கேட்டுக்கொண்டே இந்த ஊர்களைச் சுற்றினேன். சுற்றச் சுற்ற ஒன்று உறுதிப்பட்டது. இங்கே அரசர்களின் வம்சாவளியைப் புலவர்கள் காத்தார்கள். குடியானவர்களின் வம்சாவளியைக் காத்தது அவர்களிடம் பாக்கி வசூலித்தவனின் கணக்குப் புத்தகம்.

முதலில் அரசர்கள். டல்ஸ்க் என்ற சிற்றூரை ஒட்டியிருக்கிறது ராத்க்ரோகன், பழைய கானாக்ட் நாட்டு அரசர்களின் தலைமையிடம். சில சதுர கிலோமீட்டருக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்கள். பார்வைக்கு எல்லாம் புல் மூடிய மேடுகள். பக்கத்து விவசாயியின் மாடுகள் அவற்றின்மேல் ஏறி மேய்கின்றன. ஒரு வயலோரத்தில் ஓவெனகாட் என்ற குகை. தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். நுழைவாயிலில் உத்தரமாக வைத்த ஒரு கல்லின் விளிம்பில், பழைய ஐரிஷ் எழுத்தான ஒகாமில் கீறல்கள். ‘மேவின் மகன் ஃபிராவ்க்’ என்று அதைப் படித்திருக்கிறார்கள். மேவ், இந்த மேட்டிலிருந்து ஆண்டதாகக் கதைகள் சொல்லும் அரசியின் பெயர். ஒகாம் கற்களில் தந்தை பெயர் வருவதுதான் வழக்கம். இங்கே தாயின் பெயர் வருவது அபூர்வம். இந்தக் கவுண்டியில் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளில் ஒன்று இது. கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்று அன்றைக்கு ஒருவருக்குத் தோன்றியது இவ்வளவுதான்: இவன் இன்னாருடைய மகன்.

அங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில் கார்ன்ஃப்ரீ என்னும் கற்குவியல் மேடு. ஓகானர் குலத்து மன்னர்கள் இங்கே பட்டம் ஏற்றார்கள். 1310-ல் ஃபெலிம் ஓகானர் பட்டமேற்ற சடங்கைக் கானாக்ட் ஆண்டுக்குறிப்புகள் விரிவாகவே பதிந்திருக்கின்றன. இந்தக் குலத்துக்குப் பரம்பரை வரலாற்றாளர்களாக இருந்தவர்கள் ஓ மல்கோனரி குடும்பத்தார். மன்னனின் முன்னோரைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்வதும், எழுதிக் காப்பதும் அவர்கள் வேலை. அதற்கு மானியமாக நிலம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பழைய ஐரிஷ் ஆட்சி முறை நொறுங்கியபோது, இருந்த ஏடுகளையெல்லாம் திரட்டி ‘நான்கு ஆசிரியர்களின் ஆண்டுக்குறிப்புகள்’ என்ற பெருந்தொகுப்பை ஓர் அறிஞர் குழு 1632-க்கும் 1636-க்கும் இடையில் எழுதி முடித்தது. அந்தக் குழுவில் ஒருவர் ஃபெர்ஃபெசா ஓ மல்கோனரி. அவருடைய குடும்பம் பல தலைமுறைகளாகச் செய்துவந்த வேலையின் கடைசிப் பெரும் அறுவடை அது.

காசல்ரே ஊருக்கு வெளியே இருக்கும் க்ளோனலிஸ் மாளிகையில் ஓகானர் வம்சத்தின் கிளை இன்றும் தொடர்கிறது. அயர்லாந்தின் கடைசிப் பேரரசர் ரோரி ஓகானர் 1198-ல் இறந்தார். அவருக்கும் முன்னே பல நூற்றாண்டு பின்னோக்கிப் போகிறது இவர்களின் வம்ச வரிசை. பட்டமேற்பு நடந்த கல் இப்போது இந்த வீட்டு முகப்பில் கிடக்கிறது. கத்தோலிக்கரின் சொத்துரிமையைச் சட்டம் போட்டு நெரித்த பதினெட்டாம் நூற்றாண்டிலும், இந்தக் குடும்பத்தின் சார்லஸ் ஓகானர், பெலனகேர் கிராமத்தில் உட்கார்ந்து பழைய கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்த அறைகளில் நடக்கும்போது, இந்த மன்னர்களுக்கு உழுது விளைத்துக் கொடுத்தவர்களின் பாட்டன்மார் பெயரை எந்தப் புலவர் எங்கே எழுதினார் என்ற கேள்வியைத் தள்ளிவைக்க என்னால் முடியவில்லை.

குடியானவர்களின் பெயர்கள் மொத்தமாக ஏடேறிய முதல் பெரிய சந்தர்ப்பம் 1749-ல் வந்தது. எல்ஃபின் நகரத்தில் பிஷப்பாக இருந்த எட்வர்ட் சிங், அரசாங்கத் திருச்சபையான புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர். தன் மறைமாவட்டத்தில் எத்தனை பேர் எந்தச் சமயம் என்று அறிய வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொன்னார். ராஸ்காமனின் பெரும்பகுதியும், ஸ்லைகோ, கால்வே கவுண்டிகளின் சில பகுதிகளும் அதில் அடங்கும். குடும்பத் தலைவரின் பெயர், சமயம், தொழில், எத்தனை பிள்ளைகள், எத்தனை வேலையாட்கள். நெசவாளி, தச்சர், கொல்லர், மேய்ப்பர், கூலி, பிச்சையெடுப்பவர் என்று சமூகமே வரிசையாக வருகிறது. மனைவியின் பெயர் இல்லை. பிள்ளைகள் எண்களாக மட்டும் இருக்கிறார்கள். ஆனாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு கூலிக்காரரின் பெயர் இன்ன ஊரில் இருந்தது என்று காட்ட அயர்லாந்தின் மிகப் பல பகுதிகளில் எந்த ஆவணமும் இல்லை, ராஸ்காமனில் இருக்கிறது. எண்ணியவர் எண்ணியது அவர்கள்மேல் கொண்ட அக்கறையால் அன்று. அதனால் என்ன? 2004-ல் அது அச்சாகி வந்ததிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் தங்கள் வரிசையில் இரண்டு தலைமுறை மேலே ஏறியிருக்கின்றன.

கவுண்டியின் வம்ச ஆய்வு மையம் இருப்பது ஸ்ட்ரோக்ஸ்டவுனில். சின்ன ஊர், ஆனால் கடைத்தெரு தேரோடும் வீதிபோல அவ்வளவு அகலம். தெரு போய் முட்டும் இடத்தில் ஒரு வளைவு வாயில். அதற்குள்ளே மேஹன் குடும்பத்தின் மாளிகை. பதினேழாம் நூற்றாண்டில் நிலம் பெற்ற குடும்பம் அது. வீட்டை 1730-களில் ரிச்சர்ட் கேசல்ஸ் என்ற கட்டடக் கலைஞர் விரிவாக்கினார். வேலைக்காரர்கள் தோட்டத்தைக் கடந்து போவது சாளரத்திலிருந்து தெரியக்கூடாது என்று தரைக்கடியில் ஒரு சுரங்க நடை. சமையலறைக்கு மேலே மரத்தாலான ஒரு மாடம். வீட்டு எசமானியம்மாள் கீழே இறங்காமல் அங்கிருந்தே வாரத்துக்கான உணவுப் பட்டியலைப் போடுவாராம்.

1845-ல் இந்த எஸ்டேட் மேஜர் டெனிஸ் மேஹன் கைக்கு வந்தது. அவர் கைக்கு வரும்போதே குத்தகை பாக்கி மலையாகக் கிடந்தது. அந்த ஆண்டே உருளைக்கிழங்கு கருகத் தொடங்கியது. 1846 ஆகஸ்டில் க்ளூனஹி என்ற டவுன்லாண்டின், அதாவது சிற்றூர்ப் பிரிவின், குடியானவர்கள் அவருக்கு ஒரு மனு எழுதினார்கள். பிள்ளைகள் பசியில் கதறுகிறார்கள், வேலை கொடுங்கள், நாங்கள் சட்டத்தை மீறும் கூட்டத்தில் சேர விரும்பாதவர்கள் என்பது அதன் சாரம். கெஞ்சலுக்குள்ளே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 1979-ல் கடைசி மேஹன் வாரிசிடமிருந்து எஸ்டேட்டை வாங்கிய ஜிம் கேலரி என்ற உள்ளூர் வணிகர், அலுவலக அறையில் கிடந்த பழைய காகிதக் குவியலில் இந்த மனுவைக் கண்டெடுத்தார். கொளுத்திவிட்டு அறையைச் சுத்தம் செய்திருக்கலாம். அவர் அதைப் படித்தார். 1994-ல் குதிரை லாயங்களில் பஞ்ச அருங்காட்சியகம் திறந்ததும், பல்லாயிரம் ஆவணங்கள் கொண்ட எஸ்டேட் காப்பகம் உருவானதும் அந்த ஒரு மனுவிலிருந்து தொடங்கியவை.

மேஹனின் நிர்வாகி ஒரு கணக்குப் போட்டார். குடியானவர்களை ஏழை விடுதியில் வைத்துச் சோறு போட ஏழை நிவாரண வரி கட்டுவதைவிட, கனடாவுக்குக் கப்பலேற்றிவிடுவது செலவு குறைவு. 1847 மே மாதம் 1,490 பேர் ஸ்ட்ரோக்ஸ்டவுனிலிருந்து புறப்பட்டார்கள். ராயல் கால்வாய்க் கரையோரமாக டப்ளின் வரைக்கும் நடை. ஏறத்தாழ 165 கிலோமீட்டர். வழியில் திரும்பி ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள எஸ்டேட் ஆள் ஒருவர் கூடவே நடந்தார். டப்ளினிலிருந்து லிவர்பூல், அங்கிருந்து நான்கு கப்பல்களில் கியூபெக். அவற்றில் ‘வெர்ஜினியஸ்’ கப்பலில் ஏறியவர்கள் 476 பேர். கடலிலேயே இறந்தவர்கள் 158. கியூபெக்குக்கு முன்னால் இருக்கும் குரோஸ் ஈல் தீவின் காய்ச்சல் கொட்டகைகளில் மேலும் பலர் இறந்தார்கள். புறப்பட்ட 1,490 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் அக்கரையில் வாழத் தொடங்கவே இல்லை என்று கணக்கிடுகிறார்கள்.

இன்று அந்தக் கால்வாய்க் கரை, நடைப்பயணப் பாதையாக இருக்கிறது. பாதை நெடுகச் சிறுபிள்ளையின் காலணிகள் வெண்கலத்தில். இடிந்த ஒரு குடிசையில் கிடைத்த பழைய காலணிச் சோடி ஒன்றைப் பார்த்து வார்த்தவை. க்ளூண்டராவில் கால்வாய் ஷானனைத் தொடும் இடத்திலிருந்து சிறிது தூரம் நடந்து பார்த்தேன். தட்டையான, நிழல் அதிகமில்லாத பாதை. கையில் குழந்தையோடு, வயிற்றில் ஒன்றுமில்லாமல் நடக்கிறவருக்கு மேடே இல்லாத இந்தப் பாதையும் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்.

1847 நவம்பர் 2-ஆம் தேதி மேஜர் மேஹன் வண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. உள்ளூர் பாதிரியார் மைக்கேல் மெக்டெர்மட் பீடத்தில் நின்று மேஹனைக் கண்டித்ததுதான் கொலைக்குத் தூண்டுதல் என்று பிரபுக்கள் சபையில் குற்றம் சாட்டினார்கள். பாதிரியார் மறுத்தார். கத்தோலிக்க பிஷப் ஜார்ஜ் பிரவுன் தன் பதிலாக 1848-ல் செய்தித்தாளில் ஒரு பட்டியலை வெளியிட்டார்: மேஹன் எஸ்டேட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட 605 குடும்பங்கள், மொத்தம் 3,006 உயிர்கள், டவுன்லாண்ட் வாரியாக, குடும்பத் தலைவர்களின் பெயரோடு. அரசியல் சண்டையில் எறிந்த ஆயுதம் அது. ஆனால் வீடு இடிக்கப்பட்ட ஒரு விதவையின் பெயரும் அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் அந்தப் பட்டியலால்தான் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

இதைவிட என்னை வெகுநேரம் நிறுத்திவைத்த இடம், வடகிழக்கே கில்கிளாஸ் பங்கில் இருக்கும் பாலிகில்கிளைன். மேஹன்களிடம் குத்தகையாக இருந்த அரசு நிலம் அது. 1834-ல் குத்தகை முடிந்து நேரடியாக மன்னராட்சியின் கைக்குப் போனதும், குடியானவர்கள் வாடகை கட்ட மறுத்தார்கள். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, பத்தாண்டுக்கு மேல். மனு எழுதினார்கள், வக்கீல் வைத்தார்கள், அறிவிப்புக் கொடுக்க வந்தவர்களை விரட்டினார்கள். கடைசியில் 1847-லும் 1848-லும் அரசே பயணச்செலவு கொடுத்து 350-க்கும் மேற்பட்டவர்களை நியூயார்க்குக்கு அனுப்பியது. அரசு செலவு என்பதால் கணக்குச் சுத்தமாக இருக்கிறது: ஒவ்வொருவர் பெயர், வயது, குடும்பம். கைக்குழந்தைக்கும் பெயர் உண்டு. இந்த மக்களைப் பற்றி ராபர்ட் ஸ்கேலி 1995-ல் எழுதிய நூலைப் படித்தபின் அமெரிக்காவில் சிதறியிருந்த வாரிசுகள் ஒருவரையொருவர் தேடத் தொடங்கினார்கள். வெர்மாண்ட் மாநிலத்து ரட்லண்ட் பகுதியில் பல குடும்பங்கள் குடியேறியிருந்தது தெரிந்தது. பிறகு ஒரு சங்கமே அமைத்தார்கள். பிரிந்துபோன பாட்டன்மாரின் கொள்ளுப்பேரர்கள் கூட்டமாகக் கில்கிளாஸுக்குத் திரும்பி வந்தார்கள்.

தொல்லியலாளர்கள் 1998 முதல் சில கோடைகளில் இங்கே தோண்டினார்கள். மண் குடிசைகளின் தரையில் இங்கிலாந்துத் தயாரிப்பான பூ வேலை செய்த பீங்கான் துண்டுகள் நிறையக் கிடைத்தன. வாடகை கட்டாத ஆண்டுகளில் அந்தக் காசு எங்கே போனது என்பதற்கு அந்தக் கோப்பைகள் ஒரு விடை. யாரும் கண்ணால் காணாத ஏழைகள் என்று அதிகாரிகள் எழுதிவைத்தவர்கள் வீட்டில் விருந்தாளிக்குத் தேநீர் ஊற்ற நல்ல பாத்திரம் இருந்தது. நிலம் இப்போது வெறும் மேய்ச்சல். ஒரு சுவர்கூட நிற்கவில்லை.

ஆய்வு மையம் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இயங்குகிறது. அங்கே வேலை செய்யும் அம்மையார் வருகிறவர்களிடம் முதலில் கேட்பது டவுன்லாண்ட் பெயரை. நம் ஊரில் ஒரு குக்கிராமத்தைவிடவும் சிறியது டவுன்லாண்ட். சிலவற்றில் நான்கைந்து வீடுதான். அயர்லாந்து முழுவதும் 60,000-க்கும் மேல் இருக்கின்றன. குடும்பப் பெயர் மட்டும் போதாது. கெல்லி, பெர்ன், ஹான்லி, மெக்டெர்மட் என்று தட்டினால் ராஸ்காமனில் பாதிப் பேர் எழுந்து வருவார்கள். ஒரே டவுன்லாண்டில் மூன்று ஜான் பெர்ன் இருந்தால் அவரவர் அப்பா, தாத்தா பெயரைப் பின்னால் ஒட்டி அடையாளம் சொல்கிறார்கள். முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர் வைக்கும் வழக்கம் இங்கே வெகுகாலம் இருந்தது. எந்த வீட்டு ஜான் என்று குழம்பும்போது, பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்துத் தாத்தாவைக் கண்டுபிடிக்கிறார்கள். ஞானஸ்நான ஏட்டில் ஞானப் பெற்றோராக நின்றவர்கள் யார் என்பதையும் அந்த அம்மையார் விடாமல் பார்க்கிறார். பல நேரங்களில் தாயின் உடன்பிறந்தவர்கள் அவர்கள். அதிலிருந்து தாய் வீடு தெரிந்துவிடும்.

தேடுகிறவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் முட்டி நிற்கிறார்கள். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் போக எல்லாம் சாம்பல். 1861, 1871 ஏடுகளை அரசே முன்னதாக அழித்திருந்தது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. முழுதாகக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901. ஆகவே நடுவே இருக்கும் பள்ளத்தை நிரப்பத் தசமபாக வரிப் பதிவேடு, 1850-களின் நில மதிப்பீட்டு ஏடு என்று வரி வாங்குவதற்காக எழுதியவற்றையே நாட வேண்டியிருக்கிறது.

இந்தச் சாம்பலிலிருந்து தப்பிய ஓர் ஆவண வகை எனக்கு மிகப் பிடித்தது. 1908-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயது ஆனவர்களுக்குப் பணம்; ஆனால் வயதை நிரூபிக்க வேண்டும். அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் பதியத் தொடங்கியதே 1864-ல்தான். கிழவர்களும் கிழவிகளும் ‘1841-ல், 1851-ல் நான் இன்ன வீட்டுக் குழந்தை, அப்பா பெயர் இது, அம்மா பெயர் இது, பார்த்துச் சொல்லுங்கள்’ என்று விண்ணப்பித்தார்கள். எழுத்தர்கள் பழைய ஏட்டைப் புரட்டி விவரத்தைப் படிவத்தில் எழுதினார்கள். ஏடு எரிந்தது, படிவங்கள் பிழைத்தன. பஞ்சத்தில் சிதறிய ஒரு வீட்டுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதை அந்த வீட்டுக் குழந்தையே, எழுபது வயதில், நினைவிலிருந்து சொன்ன வாக்குமூலம். 1901, 1911 கணக்கெடுப்புகளுக்கு இடையில் பலருக்குப் பத்து வயதுக்கு மேல் ஏறியிருப்பதற்கும் அந்த ஓய்வூதியமே காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பசியைக் கண்டு வளர்ந்தவர்கள். ஒருவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

எந்த ஏட்டிலும் ஏறாதவர்களும் உண்டு. ஒரு பருவத்துக்கு மட்டும் கிழங்கு போடத் துண்டு நிலம் எடுத்த கூலிகள், குத்தகைக்காரரின் கீழ் குத்தகைக்கிருந்தவர்கள். நிலக்கிழாருக்கு அவர்கள் நேரடியாகப் பணம் கட்டவில்லை. ஆகவே கணக்கில் இல்லை. பஞ்சம் முதலில் கொன்றது அவர்களைத்தான்.

டேனியல் டை என்ற பன்னிரண்டு வயதுப் பையனும் ஒன்பது வயதுத் தங்கை கேத்தரினும் வெர்ஜினியஸ் கப்பலில் போனவர்கள். குடும்பத்தில் மற்றவர்களைப் பறிகொடுத்து அநாதைகளாகக் கரையேறிய இருவரையும் லோட்பினியேர் ஊரில் ஒரு பிரெஞ்சுக் கனடியக் குடும்பம் பிரிக்காமல் சேர்த்தே வளர்த்தது. அவர்களின் பழைய பெயரையும் மாற்றவில்லை. அந்த நல்ல மனத்தால்தான் வம்சத்தின் தடம் அறுபடாமல் இருக்கிறது. பிரெஞ்சு பேசும் வாரிசு ஒருவர் 2013-ல் ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்கு வந்தார். 166 ஆண்டு கழித்து அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் திரும்பிய முதல் தடவை. மற்ற குடும்பங்களையும் ஒவ்வொன்றாகத் தேடும் பணி இன்னும் நடக்கிறது.

நான் தங்கிய பண்ணை வீட்டுக்குப் பக்கத்து மதுக்கடையில் ஒரு பெரியவர், நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்வியாக என் அப்பா என்ன செய்தார், தாத்தா எந்த ஊர் என்று விசாரித்தார். ‘நீ யாரு வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடமிருந்து அவர் கொஞ்சமும் வேறுபடவில்லை. பிறகு தன் வீட்டு வரிசையைச் சொன்னார். கொள்ளுத்தாத்தா வரை தங்குதடையில்லாமல் வந்தது. அந்த வரிசையில் தொலைந்த ஒருத்திக்காக 1926-ஐ நம்பியிருப்பதாகச் சொன்னார். அந்த ஆண்டு சுதந்திர அயர்லாந்து எடுத்த முதல் கணக்கெடுப்பின் நூறாண்டுக் கெடு 2026 ஏப்ரல் வரை. அவருடைய பாட்டியின் தங்கை ஒருத்தி அப்போது எந்த வீட்டில், யாரோடு இருந்தாள் என்பது அதில் இருக்கும். அவள் எங்கே போனாள் என்று அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேடிக்கொண்டிருக்கிறது.